உறிஞ்சல், உட்கவர்தல், பிடித்தல்: ‘அப்சார்ப்ஷன்’ சார்ந்த அறிவியல் சொற்களும் கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சு வழக்கும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் ‘அப்சார்ப்ஷன்’ என்னும் ஒரு சொல் வேதியியல், இயற்பியல், உயிரியல், மண்ணியல், பொருளியல் எனப் பல துறைகளில் ஆளப்படுகிறது. தமிழில் இச்சொல்லுக்கு உறிஞ்சுதல், உட்கவர்தல், உட்கிரகித்தல், அகத்துறிஞ்சல் எனப் பல நிகரன்கள் வழங்குகின்றன. இவற்றுள் ‘உறிஞ்சுதல்’ என்பது மிகுதியாகப் பரவி, தனக்கு உரியதல்லாத நிகழ்வுகளையும் சுட்டத் தொடங்கியுள்ளது. இதனால் பாடநூலிலும் வேளாண் அறிவுரையிலும் பொருள் மயக்கம் நேர்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உழவு, ஏலக்காய் வணிகம், நெசவு, கட்டுமானம், சமையல் ஆகிய தொழிற்களங்களில் வழங்கும் குடி, இழு, பிடி, ஊறு, ஏறு, இறங்கு, நமு, கசி, சேர் ஆகிய வினைகளை இக்கட்டுரை அறிவியற் சொற்களோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. பேச்சுத் தமிழ் இந்நிகழ்வுகளைப் பெரிதும் செயப்படுபொருள் குன்றிய வினைகளால் உணர்த்துகிறது என்பதும், ‘கவர்தல்’ என்னும் அடியைக் கொண்டு சீரான சொற்குடும்பம் ஒன்றை அமைக்கலாம் என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், உறிஞ்சுதல், பரப்புக் கவர்தல், வட்டார வழக்கு, வினைப் பாகுபாடு, கம்பம் பள்ளத்தாக்கு

முன்னுரை

தமிழில் அறிவியல் எழுதும் முயற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) மருத்துவ நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனக் கழகம் ஒன்றை அமைத்தனர். 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் துறைவாரியாகச் சொற்களைத் தொகுத்து, 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டனர். 1950களின் நடுப்பகுதியிலிருந்து இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் சொற்றொகுதிகளை வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம் – தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960களில் நிறைவுற்றது.

இம்முயற்சிகள் அனைத்தும் ஆங்கிலச் சொல்லிலிருந்து புறப்பட்டுத் தமிழ்ச் சொல்லை நாடியவை. அந்நெறி தேவையானதே. எனினும், அச்சொல் சுட்டும் நிகழ்வைத் தமிழ் பேசுவோர் தம் தொழிலில் முன்னரே எவ்வாறு பகுத்துப் பெயரிட்டுள்ளனர் என்னும் வினா அந்நெறியில் பின்தங்கிவிடுகிறது. இக்கட்டுரை அவ்வினாவை ஒரு சொற்குடும்பத்தின் அளவில் எழுப்புகிறது.

ஆய்வுக் களமாகக் கம்பம் பள்ளத்தாக்கைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. 1996இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அதன் கிளை மலைகளுக்கும் இடையே கிடக்கும் இப்பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்று நீரால் இருபோகம் நெல் விளையும் நிலம். கூடலூர் முதல் சின்னமனூர் வரை திராட்சைப் பந்தல்கள் உள்ளன. போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தைக்குப் பெயர்பெற்றது. ஆண்டிபட்டி வட்டாரத்தில் நெசவு நிலைத்துள்ளது. நீரும் மண்ணும் ஈரமும் சாயமும் நாள்தோறும் பேசப்படும் இத்தகைய இடத்தில் ‘உட்கொள்ளல்’ பற்றிய வினைகள் செறிந்திருப்பது இயல்பு. இங்குக் காட்டப்பெறும் வழக்குகள் இவ்வட்டாரத்திற்கு மட்டுமே உரியன அல்ல. பல தென் மாவட்டங்களிலும் பொதுவாக வழங்குவன. அவை இங்கு ஒருங்கே, ஒரே நிலப்பகுதியின் தொழில்களில் காணக் கிடைக்கின்றன என்பதே கருதத்தக்கது.

ஆங்கிலச் சொற்குடும்பத்தின் அமைப்பு

‘அப்சார்ப்’ என்பது இலத்தீனில் உறிஞ்சுதல், விழுங்குதல் என்னும் பொருளுடைய ‘சோர்பேரே’ என்னும் வினையடியாகப் பிறந்தது. எனவே வாயால் உறிஞ்சுதல் என்னும் உடற்செயலே அதன் தொடக்கப் பொருள். பஞ்சு நீரை ஏற்றல், தாவரம் சத்தை ஏற்றல், கண்ணாடி ஒளியை ஏற்றல், நிறுவனம் செலவை ஏற்றல், மனம் ஒரு நூலில் ஆழ்தல் ஆகியவை யாவும் அதிலிருந்து விரிந்த உருவகப் பொருள்கள்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சொல் போதாமற் போயிற்று. கரித்துண்டு வளியைத் தன் உட்பரும முழுவதிலும் ஏற்பதில்லை. தன் மேற்பரப்பிலும் நுண்துளைச் சுவர்களிலும் பற்றிக்கொள்கிறது. இவ்வேறுபாட்டைக் குறிக்க 1881இல் செருமானிய இயற்பியலாளர் ஹைன்ரிஷ் கைசர் ‘அட்சார்ப்ஷன்’ என்னும் சொல்லை ஆண்டார். பின்னர் இரண்டும் ஒருங்கே நிகழும் இடங்களைச் சுட்ட 1909இல் ஜே.டபிள்யூ. மக்பெயின் முன்னொட்டை நீக்கிச் ‘சார்ப்ஷன்’ என்னும் பொதுச்சொல்லை முன்மொழிந்தார். அடிச்சொல் ஒன்றாகவும், முன்னொட்டு இடத்தைச் சுட்டுவதாகவும், முன்னொட்டு நீங்கிய வடிவம் பொதுமையைச் சுட்டுவதாகவும் அமைந்த இம்மும்மை, கலைச்சொல்லாக்கத்தில் நினைவிற் கொள்ளத்தக்க ஒழுங்கு.

இவற்றைச் சூழ்ந்து வேறு அடிகளிலிருந்து பிறந்த சொற்களும் உள்ளன. ‘இம்பைபிஷன்’ குடித்தல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. உலர்ந்த விதை நீரேற்று உப்புவதைக் குறிக்கும். ‘பெர்கொலேஷன்’ வடித்தல் என்னும் பொருளடியாகப் பிறந்து, மண்ணினூடே நீர் கீழிறங்குவதைக் குறிக்கும். ‘அசிமிலேஷன்’ ஒத்ததாக்குதல் என்னும் பொருளுடையது. உண்ட சத்து உடலின் பகுதியாவதைக் குறிக்கும். ஆகவே ஆங்கிலமும் ஒரே சொல்லில் நின்றுவிடவில்லை. குடித்தல், வடித்தல், ஒத்ததாக்குதல் எனும் அன்றாட வினைகளையே அது கலைச்சொல்லாக்கிக் கொண்டது.

தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும்

‘அப்சார்ப்ஷன்’ என்பதற்குத் தமிழ்நாட்டு உயிரியல் பாடங்களில் உறிஞ்சுதல், உட்கிரகித்தல் ஆகியன வழங்குகின்றன. இயற்பியலில் ‘உட்கவர் நிறமாலை’ என்னும் தொடர் நிலைபெற்றுள்ளது. வேதியியலில் ‘அட்சார்ப்ஷன்’ என்பதற்குப் பரப்புக் கவர்தல் என்றும், மேற்பரப்புக் கவர்ச்சி என்றும் எழுதப்படுகிறது. இலங்கை வழக்கில் ‘அகத்துறிஞ்சல்’, ‘புறத்துறிஞ்சல்’ என்னும் இணை ஆளப்படுகிறது.

இலங்கை இணையின் சிறப்பு அதன் ஒழுங்கு. அடி ஒன்றாக நிற்க, அகம், புறம் என்னும் தமிழ் மரபின் இரு சொற்கள் இடத்தைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒன்றைக் கற்ற மாணவர் மற்றதை ஊகித்துக்கொள்ள இயலும். ஆனால் ‘புறத்துறிஞ்சல்’ என்பதில் ஒரு முரண் உள்ளது. உறிஞ்சுதல் என்றாலே உள்ளே இழுத்தல் என்பது தமிழர் உணர்வு. புறத்தே நிற்பதை உறிஞ்சியது எனக் கூறுதல் அவ்வுணர்வோடு மாறுபடும்.

தமிழ்நாட்டு வழக்கின் குறை வேறு. இங்குத் தனிச்சொற்கள் பொருத்தமானவை. ஆனால் அவை ஒரு குடும்பமாக இணையவில்லை. உயிரியல் மாணவர் ‘உறிஞ்சுதல்’ என்று கற்பதும் இயற்பியல் மாணவர் ‘உட்கவர்தல்’ என்று கற்பதும் ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பது பலருக்கு உயர்கல்வியில்தான் தெரியவருகிறது. வேதியியலில் ‘உறிஞ்சுதல்’, ‘பரப்புக் கவர்தல்’ ஆகியவை இணையாக வைக்கப்படும்போது, அவற்றின் உறவும் வேறுபாடும் சொல்லின் வடிவிலேயே புலப்படுவதில்லை.

‘உறிஞ்சு’ என்னும் வினையின் இயல்பு

‘உறிஞ்சு’ என்பது செயப்படுபொருள் குன்றா வினை. இவ்வினை உயிருள்ள ஒரு வினைமுதலையும், வாய் போன்ற ஓர் உறுப்பையும், இழுக்கும் முயற்சியையும் உட்கொண்டு நிற்கிறது. கன்று மடியில் உறிஞ்சும்; மேகமலைக் காட்டில் அட்டை குருதியை உறிஞ்சும். வேளாண்மையில் இச்சொல் மிக நிலைபெற்றுள்ள தொடர் ‘சாறு உறிஞ்சும் பூச்சிகள்’ என்பதாகும். அசுவினி, தத்துப்பூச்சி, இலைப்பேன், மாவுப்பூச்சி ஆகியவை அவ்வகையின. எனவே உழவர் செவியில் ‘உறிஞ்சு’ என்பது வெறும் ஏற்றலன்று. ஒன்றின் வளத்தை மற்றொன்று பறித்துக்கொள்வது. ‘உழைப்பை உறிஞ்சுதல்’ என்னும் அரசியல் வழக்கும் இப்பொருட்சாயலையே பயன்கொள்கிறது.

இச்சாயல் கலைச்சொல்லைத் தொடர்ந்து வரும் என்பதற்கு உர மேலாண்மை நல்ல சான்று. களிமண் துகளின் மேற்பரப்பு எதிர்மின்சுமை உடையது. ஆதலின் அம்மோனியம், பொட்டாசியம், கால்சியம் ஆகிய நேர்மின் அயனிகள் அதன்மேல் பற்றப்பட்டு நிற்கின்றன. வேர் தன் ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்து அவற்றைப் பெற்றுக்கொள்ளும். நைட்ரேட் எதிர்மின் அயனியாதலின் அவ்வாறு பற்றப்படாமல் பாசன நீரோடு வேர்மண்டலத்திற்குக் கீழே இறங்கிவிடும். இங்கு முதலாவது பரப்புக் கவர்தல். இரண்டாவது வேர் உறிஞ்சல். மூன்றாவது கரைந்து வெளியேறல். ‘மண் உரத்தை உறிஞ்சிவிடுகிறது’ என்று மூன்றையும் ஒரு சொல்லால் கூறினால், கேட்பவர் உரம் வீணாயிற்று என்றே கொள்வார். மேலும் உரமிட முற்படுவார். ‘மண் சாம்பல் சத்தைப் பிடித்து வைத்துப் பயிருக்குக் கொடுக்கிறது, யூரியாவிலிருந்து உண்டாகும் நைட்ரேட்டைப் பிடித்து வைப்பதில்லை’ என்று கூறினால், யூரியாவைப் பிரித்துப் பிரித்து இடவேண்டும் என்னும் அறிவுரையின் காரணமும் அதே தொடரில் விளங்கிவிடும். சொல் வேறுபாடு இங்கு உழவரின் செலவையும் நிலத்தடி நீரின் தூய்மையையும் தொடுகிறது.

திராட்சைத் தோட்டத்திலும் இதே நிலை. போர்டோக் கலவை இலையின் மேற்பரப்பில் படிந்து நின்று பூசண வித்துகள் முளைப்பதைத் தடுப்பது. மழை கழுவிவிட்டால் பயன் குறையும். ஊடுருவிப் பாயும் மருந்துகளோ இலைத்திசுவினுள் சென்று செயற்படுவன; அவற்றிற்குக் கழுவிச்செல்லும் மழையைவிட அறுவடைக்கு முன் விடவேண்டிய கால இடைவெளியே பெருங்கவலை. ‘இலை மருந்தை உறிஞ்சும்’ என்று இரண்டிற்கும் பொதுவாகச் சொன்னால், முதலாவதை மழைக்கு முன் தெளிக்கலாம் என்றும், இரண்டாவதை நீரில் கழுவி உண்ணலாம் என்றும் கருத இடமுண்டு. இரண்டும் பிழை, பின்னது உண்பவர் நலத்திற்கும் தீங்கு.

பள்ளத்தாக்கின் வினைகள்

இனி, பேச்சு வழக்கின் வினைகளை நிகழ்வு வகையால் நோக்கலாம்.

குடித்தல், இழுத்தல்: மணற்பாங்கான செம்மண் ‘தண்ணி குடிக்கும்’ நிலம், எவ்வளவு பாய்ச்சினாலும் நிற்காது. வடைக்கு மாவு நீர்த்துவிட்டால் ‘எண்ணெய் குடிக்கும்’. பழைய அரிசி உலையில் ‘தண்ணி இழுக்கும்’. கொத்தனார் செங்கலை நனைத்த பின்பே கட்டுவார். காய்ந்த கல் சாந்திலுள்ள நீரை ‘இழுத்துவிடும்’ என்பது அவர் கூறும் காரணம். நுண்துளைகளின் வழியே நீர் நுழைந்து, சாந்து இறுகுவதற்கு வேண்டிய நீர் குறைகிறது என்பதே அதன் அறிவியல் விளக்கம். இவ்விரு வினைகளும் உட்பரும முழுவதும் ஏற்றலைச் சுட்டுவன. ‘குடித்தல்’ என்பதில் ஏற்ற பொருள் திரும்ப வாராது என்னும் குறிப்பு உண்டு. ‘இழுத்தல்’ என்பதில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்தல் என்னும் குறிப்பு உண்டு.

பிடித்தல்: கரிசல் மண் ‘ஈரம் பிடித்து வைக்கும்’. நூல் ‘சாயம் பிடிக்கும்’. பாத்திரத்தில் ‘கரி பிடிக்கும்’. துணியில் ‘வாடை பிடிக்கும்’. இவை பெரும்பாலும் பரப்பில் நிகழ்வன அல்லது பரப்பில் தொடங்குவன. சாயமிடுதலில் சாய மூலக்கூறு முதலில் இழையின் பரப்பில் பற்றிப் பின்னரே உள்ளே பரவுகிறது. பஞ்சின் இழை இயல்பாக மெழுகுப் பூச்சு உடையது. அதனை நீக்காமல் நீரிலிட்டால் எளிதில் நனையாது. எனவே சாயம் ‘பிடிக்க’ வேண்டுமாயின் நூலை முன்னரே பதப்படுத்துகின்றனர். ‘பிடி’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘விடு’: சாயம் விடும், வாடை விடும். அறிவியலில் பரப்பில் பற்றிய பொருள் மீள விடுபடுதலுக்கு ஒரு தனிச்சொல் தேவைப்படுகிறது. பேச்சு வழக்கு அதனைப் ‘பிடி–விடு’ என்னும் இணையாக முன்பே வைத்துள்ளது.

ஊறுதல்: விதைநெல் ஊறும், ஆட்டுவதற்கு அரிசியும் உளுந்தும் ஊறும். நீரை ஏற்று உப்பி மென்மையாதலை இவ்வினை குறிக்கும். இது ‘இம்பைபிஷன்’ என்பதற்கு மிக அண்மையது. பாடநூல்களில் அதற்கு ‘உள்ளீர்த்தல்’ வழங்குகிறது. ‘ஊறு’ என்னும் வினை இருதிசைப் பொருளுடையது என்பது நோக்கத்தக்கது. கிணற்றில் நீர் ஊறுகிறது என்னும்போது நீர் மண்ணினின்று வெளிப்படுகிறது. அரிசி ஊறுகிறது என்னும்போது நீர் பொருளினுள் புகுகிறது. முன்னதில் நீர் எழுவாய். பின்னதில் நீரை ஏற்ற பொருள் எழுவாய். நீரும் பொருளும் ஒன்றோடொன்று நிறைந்து நிற்கும் நிலையே இவ்வினையின் பொருள் மையம் எனலாம்.

ஏறுதல், நமுத்தல்: காற்றிலுள்ள ஈரத்தை ஏற்கும் பொருள்களுக்கு இவ்வினைகள் உரியன. முறுக்கும் அப்பளமும் ‘நமுத்துப் போகும்’. உப்பு ‘கசிந்து’ போகும். உலர்த்திய ஏலக்காயில் ‘ஈரம் ஏறும்’. ஏலக்காயை ஏறத்தாழ 10–12 விழுக்காடு ஈரப்பதம் வரை உலர்த்தி, ஈரமும் ஒளியும் புகாதவாறு கறுப்பு நெகிழி உறையிட்ட சாக்கில் வைப்பது வணிக முறை. ஈரம் ஏறினால் பூசணம் தாக்கும், பச்சை நிறம் குன்றும், விலை சரியும். இத்தகைய பொருளில் நீராவி முதலில் பரப்பில் பற்றப்படுகிறது. பின்னர் உள்ளேயும் புகுகிறது. இரண்டையும் பிரித்தல் எளிதன்று. மக்பெயினின் பொதுச்சொல் இத்தகைய நிகழ்வுக்கே தேவைப்பட்டது. ‘ஈரம் ஏறுதல்’ என்னும் வழக்கும் உள்ளா, புறமா என்னும் வினாவை எழுப்பாமலே நிகழ்வைச் சுட்டுகிறது.

இறங்குதல், கசிதல்: ஊறுகாயில் ‘உப்பு இறங்கும்’, குழம்புக் கறியில் ‘காரம் இறங்கும்’, நிலத்தில் ‘தண்ணி இறங்கும்’. அணையிலும் கரையிலும் நீர் ‘கசியும்’. உறிஞ்சலும் கசிவும் வெவ்வேறு என்பதைச் சுட்டப் பெரியாறு அணை தக்க சான்று. 1887இல் தொடங்கி 1895இல் முடிக்கப்பட்ட அவ்வணை, கருங்கல்லையும் சுண்ணாம்பையும் செங்கற்பொடியாகிய சுர்க்கியையும் கொண்டு கட்டப்பட்டது. கட்டுமானம் நீரை ஏற்று ஈரமாதல் ஒன்று. ஏற்ற நீர் மறுபுறம் வெளிப்படுதல் வேறொன்று. பின்னதே கசிவு, அணையில் அளந்து கண்காணிக்கப்படுவதும் அதுவே.

நெல்வயலில் இவ்வேறுபாடு தலைகீழாகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்பது பாசனக் கணக்கில் வழங்கும் அளவு. அந்நிலத்தில் தொழி உழவு செய்வதன் நோக்கங்களுள் ஒன்று, மண்ணின் பெருந்துளைகளை அடைத்து நீர் கீழிறங்காமல் நிறுத்துவது. அங்கு ‘தண்ணி நிற்க வேண்டும்’. அதே ஊரின் மேட்டுநிலத்தில் கசிவுநீர்க் குட்டை வெட்டும்போது ‘தண்ணி இறங்க வேண்டும்’. வீட்டுக் கழிவுநீருக்கு ஊராட்சிகளில் அமைக்கப்படும் குழிக்கு ‘உறிஞ்சுகுழி’ என்று பெயர். அங்கு நிகழ்வது இறங்குதலே எனினும் அப்பெயர் மக்களிடம் நிலைத்துவிட்டது. நிலைத்த சொல்லை மாற்ற முயல்வதனால் பயனில்லை.

சேர்தல், ஒட்டுதல்: ‘சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை’, ‘சத்து சேரவில்லை’ என்பன அன்றாட வழக்குகள். உயிரியல் மூன்று படிகளைப் பிரிக்கிறது: செரித்தல், குடற்சுவர் வழியே உட்கிரகித்தல், உடற்செல்களில் தன்மயமாதல். பேச்சு வழக்கின் ‘சேர்தல்’ பின்னிரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. இது பேச்சு வழக்கின் வரம்பைக் காட்டும் இடம். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடன் உட்கொண்டால் தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் குடலில் இரும்பு உட்கிரகிக்கப்படுவதைத் தடுக்கும். எலுமிச்சை, நெல்லி போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி அதற்குத் துணைபுரியும். குறை உணவிலா, செரித்தலிலா, உட்கிரகித்தலிலா என்று பிரித்துச் சொல்லும் தேவை உள்ள இடத்தில் கலைச்சொல்லே வேண்டும்.

வினைப் பாகுபாடு காட்டும் உண்மை

மேற்கண்ட வினைகளைத் தொகுத்து நோக்கின் ஓர் இலக்கண ஒழுங்கு புலனாகிறது. ஆங்கிலத்தின் ‘அப்சார்ப்’ ஏற்கும் பொருளையே எழுவாயாகக் கொள்ளும். ஏற்கப்படும் பொருள் செயப்படுபொருளாகும். தமிழ்ப் பேச்சில் குடி, இழு ஆகியவை மட்டும் பெரும்பாலும் அவ்வாறு அமைகின்றன. ஏறு, இறங்கு, கசி, சேர், ஒட்டு ஆகியவற்றில் ஏற்கப்படும் பொருளே எழுவாய்: ஈரம் ஏறியது, உப்பு இறங்கியது, சத்து சேர்ந்தது. ஊறு, நமு ஆகியவற்றில் ஏற்ற பொருள் எழுவாயாயினும் அது ஒன்றைச் செய்வதாக அன்றி, ஒரு நிலையை அடைவதாகக் கூறப்படுகிறது. ‘பிடி’ இருவகையாலும் வரும்: துணி சாயம் பிடித்தது, துணியில் கரி பிடித்தது.

இதன் கருத்து யாது? முயற்சியுள்ள வினைமுதல் இல்லாத இயற்கை நிகழ்வுக்குப் பேச்சுத் தமிழ் செயப்படுபொருள் குன்றிய வினையையே நாடுகிறது. பஞ்சிற்கும் முறுக்கிற்கும் வாய் இல்லை. எனவே அவை உறிஞ்சுவதில்லை. நீர் ஊறுகிறது, ஈரம் ஏறுகிறது. மூலக்கூறுகளின் அளவில் நோக்கினும் இதுவே பொருத்தம். நீர் உலர்ந்த பொருளினுள் செல்வது அப்பொருளின் முயற்சியாலன்று. பரப்பு விசையாலும் செறிவு வேறுபாட்டாலும் நிகழ்வது. பேச்சு வழக்கு அறிவியலை முன்னறிந்தது என்று இங்குக் கூறவரவில்லை. மொழி அமைப்பு நிகழ்வின் தன்மைக்கு இடையூறு செய்யாமல் நிற்கிறது என்பதே கூற்று.

ஒளியும் கதிரும்: உறிஞ்சலின் எல்லை

நீரை ஏற்ற பஞ்சைப் பிழிந்தால் நீரே திரும்ப வரும். இலை ஏற்ற செவ்வொளியையும் நீல ஒளியையும் அவ்வாறு பிழிந்து பெற இயலாது. ஒளி அங்கு ஒளியாக எஞ்சுவதில்லை; வேதி ஆற்றலாகவோ வெப்பமாகவோ மாறிவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டுவது உருவக விரிவினால். தமிழ் இயற்பியலார் ‘உட்கவர்தல்’ என வேறு சொல் ஆண்டது இவ்வகையில் நற்பேறு. ‘உறிஞ்சு’ என்பதில் உறிஞ்சப்பட்டது உள்ளே தங்குகிறது என்னும் குறிப்பு உண்டு. ‘கவர்’ என்பதில் அக்குறிப்பு வலுவாக இல்லை.

இது நூலறைச் சிக்கல் அன்று. போடி மேற்கு மலையில், பொட்டிபுரத்தை அடுத்து, இந்திய நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கத் திட்டமிடப்பட்டபோது அது எதிர்ப்புக்கும் வழக்குகளுக்கும் உள்ளாயிற்று. மலையடியைத் தேர்ந்ததன் காரணம், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தடிப்புள்ள பாறை விண்ணிலிருந்து வரும் பிற துகள்களைத் தடுத்துவிட, எளிதில் எதனோடும் வினைபுரியாத நியூட்ரினோ மட்டும் கடந்து வரும் என்பதாகும். இதனைப் ‘பாறை கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும்’ என்று தமிழில் எழுதினால், கதிர்கள் மலையினுள் தேங்கிக் கிடக்கும் என்னும் பொருள் தோன்றுகிறது. ‘பாறையினூடே வரும்போது அத்துகள்கள் ஆற்றல் இழந்து நின்றுவிடுகின்றன’ என்று எழுதினால் அம்மயக்கம் இல்லை. திட்டம் வேண்டுமா, வேண்டாவா என்பது வேறு வினா. நீரும் காடும் பற்றிய கவலைகள் அதில் உண்டு. எப்பக்கம் நின்று வாதிடுவோர்க்கும் நிகழ்வைச் சரியாகச் சுட்டும் சொல் கிடைத்தல் வேண்டும் என்பதே இங்குக் கருதப்படுவது.

பொருளியலிலும் ஆட்சியியலிலும் ‘அப்சார்ப்’ பலவாறு பிரிகிறது. தற்காலிகப் பணியாளரைப் பணியில் ஈர்த்துக்கொள்ளல், விலை உயர்வைத் தாங்கிக்கொள்ளல், அதிர்வை ஏற்றல், படிப்பில் ஆழ்தல் அல்லது ஒன்றுதல் என இவற்றுக்குத் தமிழில் இயல்பான வினைகள் முன்பே உள்ளன. இவ்விடங்களில் ‘உறிஞ்சு’ என்று பெயர்ப்பது பொருட்கேடு.

முன்மொழிவு

மேற்கண்ட ஆய்வினடியாகப் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

1. ‘கவர்தல்’ என்பதைச் ‘சார்ப்ஷன்’ என்னும் பொதுமைக்கும், ‘உட்கவர்தல்’ என்பதை ‘அப்சார்ப்ஷன்’ என்பதற்கும், ‘பரப்புக் கவர்தல்’ என்பதை ‘அட்சார்ப்ஷன்’ என்பதற்கும் வேதியியலிலும் இயற்பியலிலும் ஒருங்கே ஆளலாம். இலங்கை இணையின் ஒழுங்கும் தமிழ்நாட்டுச் சொற்களின் பொருத்தமும் இதனால் ஒன்றுசேரும். இம்மூன்றும் புதுப்படைப்பு அல்ல. வழக்கிலுள்ளவற்றை முறைப்படுத்துதலே ஆகும். ‘கவர்ச்சி’ என்னும் வடிவம் அன்றாட வழக்கில் வேறு பொருளில் ஊன்றிவிட்டமையால் தொழிற்பெயராகிய ‘கவர்தல்’ என்பதே தகும்.

2. ‘உறிஞ்சல்’ என்பது உயிருள்ள உறுப்பு முயன்று ஏற்கும் இடங்களுக்கும், உறிஞ்சுகுழி, உறிஞ்சுதாள் போல நிலைபெற்ற பெயர்களுக்கும் உரியதாக நிற்கலாம்.

3. விதை முதலியன நீரேற்று உப்புதலுக்கு ‘உள்ளீர்த்தல்’ என்பதோடு ‘ஊறல்’ என்பதையும், காற்றின் ஈரத்தை ஏற்கும் தன்மைக்கு ‘ஈரமேற்றம்’ என்பதையும், பரப்பினின்று மீளுதலுக்கு ‘விடுபடல்’ என்பதையும் கருதலாம்.

4. வேளாண், உடல்நல அறிவுரைகளில் கலைச்சொல்லைக் காட்டிலும் ‘பிடித்து வைக்கும்’, ‘இறங்கிவிடும்’, ‘மேலே படியும்’, ‘உள்ளே பாயும்’ என்னும் வினைகளை ஆளுதல் தெளிவு தரும்.

இம்முன்மொழிவுக்கு இரு மறுப்புகள் எழக்கூடும். பேச்சு வினைகள் பல்பொருள் உடையன. ‘பிடி’ என்னும் ஒரு வினைக்கு அகராதியில் பல பொருள்கள் உண்டு. ஆதலின் அவற்றை வரையறுத்த கலைச்சொல்லாக அப்படியே ஏற்க இயலாது என்பது முதல் மறுப்பு. இது ஏற்கத்தக்கதே, அதனாலேயே அவை மூன்றாம், நான்காம் நிலைகளில் மட்டும் வைக்கப்பட்டன. பாடநூற் சொல்லை மாற்றினால் மாணவர்க்கு இடர்ப்பாடு என்பது இரண்டாம் மறுப்பு. வேதியியலில் ‘உறிஞ்சுதல்’ என்பதன் அருகே ‘உட்கவர்தல்’ என்பதைச் சில பதிப்புகளுக்கு இணையாக அச்சிட்டுவந்தால் அவ்விடர் நீங்கும்.

முடிவுரை

மையில் நனைத்த சாக்கட்டியை முறித்துப் பார்த்தால் நிறம் பெரும்பாலும் பரப்பில் நிற்பதையும், ஈரம் உள்ளே சென்றிருப்பதையும் காணலாம். பரப்புக் கவர்தலையும் உட்கவர்தலையும் விளக்க வகுப்பறையில் காட்டப்படும் எளிய சான்று இது. ‘மை மேலே பிடித்தது, தண்ணீர் உள்ளே இறங்கியது’ என்று கம்பம் பள்ளத்தாக்கின் மாணவர் ஒருவர் தம் வீட்டு மொழியில் கூறினால், அவர் இரு நிகழ்வுகளையும் பிழையறப் பிரித்துவிட்டார். அவர் விடைத்தாளில் இரண்டையும் ‘உறிஞ்சியது’ என்று எழுத நேர்ந்தால், பாட மொழி அவர் அறிந்திருந்த வேறுபாட்டை அழித்துவிட்டது என்றே பொருள். கலைச்சொல் ஆக்குவோர் தொழில் செய்வோரின் வினைகளைத் தொகுத்து, அவற்றின் எழுவாயையும் செயப்படுபொருளையும் ஆராய்ந்து, அதன் பின்னரே சொல்லைத் தெரிவு செய்தல் வேண்டும். கரைதல், படிதல், பரவுதல் போன்ற பிற சொற்குடும்பங்களிலும் இத்தகைய ஆய்வு நிகழ்த்தப்பெறின் தமிழ் அறிவியல் நடை உறுதிபெறும்.